வெள்ளம் வடிந்த பிறகு வாங்கிய துணிகள்

கதவு திறக்கவில்லை. பூட்டு திறந்துவிட்டது, தாழ்ப்பாளும் விலகிவிட்டது, உள்ளே ஏதோ முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றது. என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு அண்ணனும் தோளைக் கொடுத்துத் தள்ளிய பிறகுதான் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடம் கிடைத்தது. பார்த்தால், எங்கள் ஃபோம் மெத்தை கதவுக்குப் பின்னால் சரிந்து கிடந்தது. இரண்டு நாள் தண்ணீரைக் குடித்திருந்தது. அதை வெளியே இழுக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

2024 டிசம்பர் முதல் வாரம் அது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. எங்களுக்குக் காற்றும் மழையும்தான். தப்பித்தோம் என்று நினைத்தோம். அப்புறம் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்துவிட்டார்கள். பெண்ணையாறு கரை தாண்டி வந்தது. கடலூரில் குண்டு உப்பலவாடிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். நாங்கள் மஞ்சக்குப்பத்தில் நாத்தனார் வீட்டு மாடியில் இருந்ததால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் இருந்த துணிமணியில் முக்கால்வாசி போய்விட்டது.

அந்த ஃபோம் மெத்தையைக் காம்பவுண்டுச் சுவரில் சாய்த்து வைத்தோம். மூன்று நாள் பழுப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. நாலாம் நாள் நாற்றம் தாங்க முடியவில்லை. தெருமுனையில் கொண்டுபோய்ப் போட்டோம். அங்கே ஏற்கெனவே தெருவே கொண்டுவந்து கொட்டியிருந்தது: மெத்தைகள், தலையணைகள், ரப்பர் அடித்த மிதியடிகள், மினுக்குகிற பாலியஸ்டர் ஸ்கிரீன் துணிகள். அந்தக் குவியல் பக்கம் காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் நின்று பார்ப்பேன். மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது, ஆனால் அதில் எதுவும் மக்கவில்லை. நம் வீட்டுக்குள் இவ்வளவு பிளாஸ்டிக்கை விரித்து அதன்மேல் படுத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அத்தை அறையில் ஒரு இலவம்பஞ்சு மெத்தை இருந்தது. அவங்க கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது. உள்ளே இருக்கும் பஞ்சை அதற்கப்புறம் எத்தனையோ முறை அடித்தாகிவிட்டது, உறையும் பலமுறை மாறியாகிவிட்டது. வெள்ளத்தில் அது கட்டிலை விட்டு மிதந்து ஜன்னல் ஓரம் ஒதுங்கிக் கிடந்தது. நான் அதையும் தெருவுக்கு இழுக்கப் போனேன். அத்தை விடவில்லை.

“அத எடுக்காதம்மா. பிரிச்சிக் காய வச்சா பஞ்சு திரும்பவும் எழும்பிக்கும்.”

பிரித்தோம். அடிப்பக்கம் சேறு ஏறிக் கறுத்த பஞ்சைக் கழித்துவிட்டோம். அதில் சாக்கடையும் கலந்திருக்கும், அதை மிச்சம் பிடிக்கக் கூடாது. மேல்பக்கப் பஞ்சு ஆச்சரியமாக இருந்தது. நனைந்திருந்தாலும் பிழிந்தால் தண்ணீர் உடனே விட்டுவிடுகிறது. இலவம்பஞ்சு இழை உள்ளே வெற்றுக்குழல். மேலே மெழுகு போல ஒரு பூச்சு இயற்கையிலேயே இருக்கும். அதனால்தான் ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் மிதவைச் சட்டைக்குள் இதைத்தான் திணித்தார்கள். காய வைப்பதில் ஒரே சிக்கல், கொஞ்சம் காய்ந்ததும் காற்றில் பறக்க ஆரம்பித்துவிடும். அத்தை தன் பழைய நூல் புடவை இரண்டைப் பை மாதிரி தைத்து, அதற்குள் பஞ்சைத் தளர்வாகப் போட்டுக் கட்டி மொட்டை மாடியில் வைத்தாங்க. மழை விட்ட நாட்களில் எல்லாம் வெயிலில் புரட்டிப் புரட்டிப் போட்டோம். ஒன்பது கிலோவில் ஏறக்குறைய ஆறு கிலோ தேறியது. அதைக் குச்சியால் தட்டி உதறியபோது மஞ்சள் சாயல் கலந்த பட்டு மாதிரி மேலே எழும்பியது. ஒன்றிரண்டு கறுப்பு விதைகள் இன்னும் உள்ளே இருந்தன.

இதிலிருந்து நான் பாடம் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் அது பொய். அப்போது மனசு அதில் இல்லை. பொங்கலுக்குள் வீட்டைப் பழையபடி ஆக்கிவிட வேண்டும் என்ற அவசரம். பஸ் ஏறிப் புதுச்சேரி போய் ஒரு பெரிய கடையில் ஒரே மூச்சில் வாங்கினேன்: ஆறு படுக்கை விரிப்பு, எட்டுத் தலையணை உறை, நாலு டர்க்கி டவல், ஹாலுக்கு ஸ்கிரீன். விரிப்பின் அட்டையில் ‘சுத்தப் பருத்தி’ என்று போட்டிருந்தது. தொட்டால் வழுவழுவென்று இருந்தது. விலையும் குறைவு.

ஏப்ரல் வந்தது. கடலூர் ஏப்ரல் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். கடற்காற்று மதியத்துக்கு மேல்தான் வரும், அதுவரை ஈரப்பதத்தோடு கூடிய புழுக்கம். அந்த விரிப்பில் படுத்தால் முதுகு நனைந்து ஒட்டியது. பத்துப் பன்னிரண்டு சலவையில் துணிமேல் சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டு சொரசொரப்பாகிவிட்டது. குழந்தைக்கு முழங்கை மடிப்பில் அரிப்பு. ஒரு நாள் அத்தை விரிப்பின் ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவித் தீக்குச்சியைக் கொளுத்தினாங்க.

இந்தச் சோதனையை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் விவரமாகச் சொல்கிறேன். நீளவாக்கில் ஒரு இழை, அகலவாக்கில் ஒரு இழை, இரண்டையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். பல துணிகளில் நீளவாக்கில் ஓடும் பாவு ஒரு நூல், குறுக்கே ஓடும் ஊடை வேறு நூல். இடுக்கியில் பிடித்துச் சுவாலையில் காட்டுங்கள், கீழே ஒரு தட்டில் தண்ணீர் இருக்கட்டும். பருத்தி என்றால் உடனே பற்றி எரியும், காகிதம் எரியும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகிவிடும். பாலியஸ்டர் என்றால் நெருப்பைக் கண்டதும் சுருண்டு உருகும், பிளாஸ்டிக் நாற்றம் வரும், ஆறிய பிறகு முனையில் கறுப்பாகக் கெட்டியான மணி ஒன்று நிற்கும். இரண்டும் கலந்தது என்றால் எரியவும் எரியும், மணியும் நிற்கும். என் ‘சுத்தப் பருத்தி’யில் மணி நின்றது. அந்தக் கறுப்பு மணியை அத்தை என் உள்ளங்கையில் வைத்தாங்க. மிளகைவிடச் சிறியது, நகத்தால் அழுத்தினாலும் உடையவில்லை.

கடைக்குத் திரும்பக் கொண்டுபோனேன். பில்லில் ‘காட்டன் பெட்ஷீட்’ என்று எழுதவே இல்லை, வெறும் எண்தான் இருந்தது. மாற்றித் தரவில்லை. அன்றிலிருந்து பில்லில் துணியின் பெயரையும் இழையையும் எழுதச் சொல்லி வாங்குகிறேன். எழுத மறுத்தால் அந்தக் கடையில் வாங்குவதில்லை.

துணி சுகமாக இல்லை என்பது ஒன்று. இன்னொன்று, அது துவைக்கும்போது என்ன செய்கிறது என்பது. செயற்கை இழைத் துணியை ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நூல்துகள் உதிர்கிறது. கடலுக்குத் துகளாகவே வந்து சேரும் பிளாஸ்டிக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல் இப்படித் துணி துவைப்பதால்தான் வருகிறது என்று 2017-ல் ஐ.யூ.சி.என். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு மதிப்பிட்டிருந்தது. எங்கள் வீட்டு வாஷிங்மெஷின் தண்ணீர் வாய்க்காலுக்குப் போகிறது, வாய்க்கால் பெண்ணையாற்றுக்கு, ஆறு தாழங்குடாவில் கடலுக்கு. அந்த முகத்துவாரத்தில் பிடித்த மீனைத்தான் காலையில் கூடையில் கொண்டுவருகிறார்கள். அதை நாங்கள்தான் குழம்பு வைத்துச் சாப்பிடுகிறோம்.

சரி, இனிமேல் இயற்கையானதுதான் என்று முடிவெடுத்தேன். அப்போது ‘பேம்பூ’ வந்தது. “அக்கா, இது மூங்கில் துணி, ஈகோ ஃப்ரெண்ட்லி, கிருமி அண்டாது” என்று கடைக்காரத் தம்பி டவலைக் கன்னத்தில் வைத்துக் காட்டினார். பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருந்தது. வாங்கிவிட்டேன். பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்: மூங்கிலிலிருந்து நேரடியாக நார் எடுத்து நெய்வது மிக அபூர்வம். கடையில் விற்பதில் பெரும்பாலானது விஸ்கோஸ். மூங்கில் கூழைக் காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டை சல்பைடிலும் கரைத்துக் கூழ்மமாக்கி, அமிலத் தொட்டிக்குள் சின்னத் துளைகள் வழியாகப் பீய்ச்சி இழையாக்குகிறார்கள். கார்பன் டை சல்பைடு அங்கே வேலை செய்பவர்களின் நரம்பைப் பாதிக்கும் வேதிப்பொருள். உப்பனாற்றங்கரை ரசாயன ஆலைகள் பக்கம் மாலையில் பஸ்ஸில் போய்வந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வேதிப்பொருளின் பெயரைக் கேட்டாலே தொண்டை கரிக்கும். யாரோ ஒரு ஊரில் யாரோ அந்தக் காற்றைச் சுவாசித்துத்தான் அந்த மெத்தென்ற டவல் எனக்கு வந்தது என்றால் அதைப் பசுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மரக்கூழிலிருந்து எடுக்கும் லியோசெல் என்ற இழை இதைவிட எவ்வளவோ தேவலை. அதில் கரைப்பானைத் திரும்பத் திரும்ப மீட்டுப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் விலை எங்களுக்குக் கட்டவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. தீக்குச்சிச் சோதனையில் விஸ்கோஸும் பருத்தி மாதிரியே எரியும், இரண்டும் தாவரப் பொருள்தான். அதைப் பிரித்தறிய ஒரு இழையை நடுவில் நனைத்து இழுத்துப் பாருங்கள். விஸ்கோஸ் நனைந்தால் பலம் இழக்கும், நனைந்த இடத்திலேயே படக்கென்று அறுந்துவிடும். பருத்தி நனைந்தால் இன்னும் உறுதியாகும்.

இரண்டு தடவை ஏமாந்த பிறகு அத்தை சொன்னாங்க, “நீ கடை கடையா அலையறதுக்குக் குறிஞ்சிப்பாடிக்கு ஒருதரம் வந்து பாரேன்.” அத்தையின் பிறந்த வீடு அது. கடலூரிலிருந்து வடலூர் போகிற வழியில் இருக்கும் நெசவாளர் ஊர், கைலிக்குப் பேர்போனது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் விசேஷத்துக்குப் போயிருக்கிறேனே தவிர, தறியை நின்று பார்த்ததில்லை.

அத்தையின் அண்ணன் வீட்டில் இப்போது தறி ஓடுவது ஒன்றுதான். முன்பு மூன்று. மாமாவுக்கு எழுபது வயதுக்கு மேல், தறிக் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சிரமப்படுகிறார், ஆனாலும் உட்காருகிறார். அவர் மிதிக்க, ஊடை நூலைச் சுமந்த நாடா இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஓட, சட்டம் வந்து ஊடையைத் தட்ட, துணி விரல்கடை விரல்கடையாக வளர்ந்தது. அத்தையின் அண்ணி வாசலில் உட்கார்ந்து நாடாவுக்குள் வைக்கும் தார்க் குச்சியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாங்க. நான் போனது அதிகாலை, பக்கத்துத் தெருவில் நீளமாகப் பாவு விரித்துக் கஞ்சி தோய்த்துக்கொண்டிருந்தார்கள். அரிசிக் கஞ்சி வாசனை தெருவெல்லாம். அந்தக் கஞ்சிதான் புதுக் கைத்தறித் துணி விறைப்பாக இருக்கக் காரணம். கடையில் தொட்டுப் பார்த்துவிட்டு ‘முரட்டுத் துணி’ என்று நான் பலமுறை வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மூன்று முறை துவைத்தால் கஞ்சி போய்விடும், அதற்கப்புறம் ஒவ்வொரு சலவைக்கும் மெதுவாகும். வழுவழுப்பான கலப்புத் துணியோ முதல் நாள்தான் நன்றாக இருக்கும்.

மாமா எனக்குத் துணி பார்க்கக் கற்றுக்கொடுத்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார், இழை நெருக்கமாக இருக்கிறதா என்று. ஓரத்தைப் பார், அகலம் சுருங்காமல் இழுத்துப் பிடிக்க வைக்கும் குச்சியின் முள் குத்திய சின்ன ஓட்டைகள் ஒழுங்கில்லாமல் இருக்கும். இதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, ஆனால் ஒரு அடையாளம். கட்டம் போட்ட துணி என்றால் திருப்பிப் பார். சாயம் தோய்த்த நூலில் நெய்தது இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும், அச்சடித்தது பின்பக்கம் வெளுத்திருக்கும். கடைசியாக ஒன்று சொன்னார், “கைத்தறின்னு சொன்னா மட்டும் போதாதும்மா. இப்ப பாலியஸ்டர் நூலையும் தறியில ஏத்துறாங்க. நூல் என்னன்னு கேளு.”

சட்டப்படி பார்த்தால் கைலி, ஜமக்காளம், துண்டு, சில வகைப் படுக்கை விரிப்பு உட்பட 11 வகைத் துணிகள் 1985-ல் வந்த சட்டத்தின் கீழ் கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்டவை. கடைத்தெருவில் போய்ப் பார்த்தால் விசைத்தறிக் கைலிதான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மாமாவின் பிள்ளைகள் இரண்டு பேரும் தறியில் உட்காரவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு கைலிக்குக் கிடைக்கும் கூலியைக் கேட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போகும்போது முதலியார்பேட்டையில் மூடிக்கிடக்கும் பஞ்சாலை மதிலைக் கடந்து போவேன். அந்த ஊரில் 1936 ஜூலை 30 அன்று உரிமை கேட்டுப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பின்னால்தான் அங்கே எட்டு மணி நேர வேலை வந்தது. மலிவாகத் துணி கிடைக்கிறது என்றால் யாருக்கோ கூலி குறைகிறது என்ற நினைப்பு அந்த மதிலைப் பார்க்கும்போதெல்லாம் வரும்.

குறிஞ்சிப்பாடியில் அன்று வாங்கியது நாலு கட்டம் போட்ட விரிப்பு, ஆறு கைலி. கைலியில் இரண்டு அவருக்கு. மற்ற நாலில் தலையணை உறை தைத்தேன். ஒரு கைலியில் இரண்டு உறை தாராளமாக வரும். வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கைத்தறிப் பருத்தி முதல் சலவையில் சுருங்கும். மெத்தை அளவுக்குச் சரியாக வாங்கினால் ஓரம் செருக இடம் இருக்காது. நான் இரண்டு பக்கமும் ஒரு சாண் கூட வைத்து வாங்குகிறேன். உறை தைக்கும் துணியை முதலில் ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகே வெட்டுகிறேன்.

குறிஞ்சிப்பாடிக்கு எல்லாரும் போக முடியாது. கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது, 1935-லிருந்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் துணியை விற்றுவருகிறது. தீபாவளித் தள்ளுபடி நேரத்தில் விரிப்பு வாங்கினால் சாதாரணக் கடை விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். 2006-ல் வந்த கைத்தறி முத்திரை துணியில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ‘ஆர்கானிக்’ என்று விலை கூடச் சொன்னால் ஜி.ஓ.டி.எஸ். என்ற முத்திரையைக் கேளுங்கள். அதில் ‘ஆர்கானிக்’ என்று போட வேண்டுமானால் குறைந்தது 95 சதவீத இழை இயற்கை விவசாயத்தில் விளைந்ததாக இருக்க வேண்டும், சாயமிடுதல், கழிவுநீர், தொழிலாளர் நிலைமை எல்லாவற்றுக்கும் விதி உண்டு. ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 என்று ஒரு முத்திரை இருக்கிறது, அது வேறு. முடிந்த துணியில் உடம்புக்குக் கெடுதலான பொருள் இல்லை என்று மட்டும்தான் அது சொல்லும். பாலியஸ்டருக்கும் அது கிடைக்கும்.

சாயத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நூலுக்கும் துணிக்கும் நிறம் ஏற்றும் இடத்தில்தான் ஆறு சாகிறது. திருப்பூரில் நொய்யல் என்ன ஆனது என்று தமிழ்நாட்டுக்கே தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றமே சாய ஆலைகளை மூடச் சொல்லும் நிலைமை வந்தது. இதனால் அடர்த்தியான நிறம் எனக்கு இப்போது பிடிப்பதில்லை. கறுப்பு, கருநீலம், ரத்தச் சிவப்பு என்றால் நிறையச் சாயம், அதை அலசி எடுக்க நிறையத் தண்ணீர். வெளுத்த நிறத்தில், இல்லையென்றால் சாயமே போடாத கோரா நிறத்தில் எடுக்கிறேன். கடையில் கைக்குட்டையை நனைத்துத் துணிமேல் அழுத்தித் தேய்த்தால் எவ்வளவு சாயம் ஒட்டுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்து கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று நானும் பல வருஷம் செய்தேன். ஒழுங்காகச் சாயம் பிடிக்காத துணியை உப்பு காப்பாற்றாது.

இயற்கைச் சாயம் இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் அவுரி நீலம் தோய்த்த பருத்தித் துணி புதுச்சேரியிலிருந்து ஆப்பிரிக்காவில் செனகல் வரைக்கும் கப்பலேறிப் போனது. திண்டிவனம் பக்கம் இன்றைக்கும் அவுரி பயிரிடுகிறார்கள். ஆரோவில்லில் அவுரியிலும் கடுக்காயிலும் தோய்த்த துணி கிடைக்கிறது. ஒரே ஒரு திண்டு உறை வாங்கினேன். அதற்கு மேல் கையைக் கடித்தது. ஆனால் அந்த நீலம் இருக்கிறதே, ஒவ்வொரு சலவையிலும் கொஞ்சம் கொஞ்சமாக இளகி இப்போது விடியற்காலை வானம் மாதிரி இருக்கிறது. வெயிலில் காயப்போடாமல் நிழலில் உலர்த்துகிறேன்.

டர்க்கி டவலை விட்டு ஈரிழைத் துண்டுக்கு மாறியதுதான் நாங்கள் செய்ததிலேயே சுலபமானது, பலனும் உடனே தெரிந்தது. ஐப்பசி கார்த்திகையில் டர்க்கி டவல் இரண்டு நாளானாலும் காயாது, முடை நாற்றம் அடிக்கும், அதைப் போக்க மறுபடி துவைக்க வேண்டும். ஈரிழை மழைநாளில்கூட மின்விசிறிக்கு அடியில் ராத்திரிக்குள் காய்ந்துவிடும். துவைக்கும்போது ஃபேப்ரிக் சாஃப்ட்னர் போடாதீர்கள், இழைமேல் ஒரு படலம் படிந்து துண்டு தண்ணீரை உறிஞ்சாது. எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம், துண்டு விறைத்துப்போகும். கடைசி அலசலில் இரண்டு மூடி வினிகர் ஊற்றுகிறேன், போதும்.

சமையலறையில் டிஷ்யூ ரோலும் மைக்ரோஃபைபர் துணியும் நிறுத்தியாகிவிட்டது. மைக்ரோஃபைபர் என்பதும் பாலியஸ்டர்தான். பழைய கைலியை எட்டாகக் கிழித்தால் எட்டுக் கரித்துணி. பிய்ந்துபோன விரிப்பில் நடுப்பகுதிதான் நைந்திருக்கும், ஓரம் கெட்டியாக இருக்கும். ஓரங்களை வெட்டித் தலையணை உறையாக்கலாம், நடுப்பகுதி மாப்புக்கு. பழைய நூல் புடவையை நாடா நாடாவாகக் கிழித்துப் பின்னினால் மிதியடி. வாசலுக்குத் தேங்காய் நார் மிதியடி.

ஸ்கிரீனுக்கு அவருடைய பழைய எட்டு முழ வேட்டி இரண்டைத் தைத்து மாட்டினேன். வெள்ளை என்பதால் வெயிலில் வெளுக்கும் பேச்சே இல்லை, ஜன்னல் திறந்திருக்கும்போது கடற்காற்றுக்கு அது ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இரும்பு வளையம் போட்டுவிட்டேன், உப்புக்காற்றில் ஒரே மாதத்தில் துரு இறங்கி மேல்விளிம்பு பூராவும் செங்கறை. இப்போது துணியிலேயே காது தைத்து மூங்கில் கழியில் கோத்திருக்கிறேன்.

பருத்தி என்றால் பாவம் இல்லாதது என்று நினைத்துவிடக் கூடாது. உலகச் சராசரியில் ஒரு கிலோ பருத்தித் துணிக்குச் சுமார் 10,000 லிட்டர் தண்ணீர் போகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பூச்சிமருந்தும் அந்தப் பயிருக்கு அதிகம். அதனால் பருத்தியானாலும் அடுக்கி வைக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். வெள்ளத்துக்கு முன்னால் எங்கள் பீரோவில் பதினேழு விரிப்பு இருந்தது. ஐந்து பேர் இருக்கும் வீடு, மூன்று படுக்கை. தண்ணீர் வந்தபோது அதில் பாதி பிரிக்காமல் பாலித்தீன் பையிலேயே இருந்தது. இப்போது ஒரு படுக்கைக்கு இரண்டு, மழைக்காலத்துக்கென்று மொத்தத்தில் இரண்டு கூடுதல், ஆக எட்டு. அந்தக் கலப்புத் துணி விரிப்பு ஆறையும் தூக்கி எறியவில்லை. எறிந்தால் அதே தெருமுனைக் குவியல்தான். துணியைக் குறைவாகத் துவைக்க வேண்டிய வேலைக்கு வைத்திருக்கிறேன்: பரண் சாமான் மூட, வண்டி மூட, நெல்மூட்டைக்கு அடியில் விரிக்க.

இந்த வருஷம் மாசியில் மெத்தைக்காரரை வரவழைத்தோம். மிஞ்சிய ஆறு கிலோ இலவம்பஞ்சோடு புதிதாக நாலு கிலோ சேர்த்து, கெட்டிப் பருத்தித் துணியில் உறை தைத்து அடைத்துக் கொடுத்தார். மாதம் ஒருமுறை மாடிக்கு ஏற்றி வெயில் காட்ட வேண்டும், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து அடிக்க வேண்டும். அந்த வேலை கஷ்டம் என்றால் இலவம்பஞ்சு உங்களுக்கு ஒத்துவராது, வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். முதுகுவலிக்காரர்களுக்கு நார் மெத்தைமேல் மெல்லிய பஞ்சு மெத்தை போட்டால் சரியாக இருக்கும். அவருக்கு அப்படித்தான்.

இதற்கிடையில் நான் ஒரு சோதனையும் செய்திருந்தேன். கையகலத் துணித்துண்டு மூன்றை ஓரம் மடித்துத் தைத்துக் கொல்லையில் வாழைக்கு அடியில் புதைத்தேன். ஒன்று குறிஞ்சிப்பாடிக் கைலி, ஒன்று அந்தக் கடையின் ‘சுத்தப் பருத்தி’, ஒன்று மூங்கில் டவல். அடையாளத்துக்குக் குச்சி நட்டு, தினமும் பாத்திரம் அலசிய தண்ணீரை அங்கேயே ஊற்றிவந்தேன். நாலு மாதம் கழித்துக் கொத்துக்கரண்டியோடு உட்கார்ந்தேன், குழந்தையும் பக்கத்தில் குந்திக்கொண்டாள். மூங்கில் டவல் போயிருந்தது, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும், விஸ்கோஸ் மண்ணில் மக்கும். ‘சுத்தப் பருத்தி’ கொசுவலை மாதிரி கிழியாமல் வந்தது. பருத்தி மட்டும் மக்கி, பாலியஸ்டர் இழை அப்படியே நின்றிருந்தது. கைலி இருந்த இடத்தில் துணி எதுவும் கையில் சிக்கவில்லை. மண்ணை உதிர்த்தபோது ஒரு சதுரம் மட்டும் வந்தது, நாலு பக்கமும் வளைந்து வளைந்து ஒரு நூல். குழந்தை அதைப் பிடித்துத் தூக்கி, “அம்மா, துணி போயிடுச்சு, தையல் மட்டும் இருக்கு” என்றாள்.

ஓரம் தைத்த நூல் பாலியஸ்டர். அதை நான் யோசிக்கவே இல்லை. தெருவில் தைக்கும் அக்காவிடம் கேட்டேன், “எல்லா நூல்கண்டும் இப்ப அதாம்மா, அறுந்துபோவாது” என்றாங்க. இழுத்து இழுத்துப் போடும் சட்டை தையலுக்கு அது தேவைதான். தலையணை உறைக்கும் விரிப்பின் ஓரத்துக்கும் அவ்வளவு பலம் வேண்டாம். திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் ஒரு தையல் சாமான் கடையில் தேடிப் பிடித்துப் பருத்தி நூல்கண்டு அரை டஜன் வாங்கி வைத்திருக்கிறேன். அக்காவிடம் துணி கொடுக்கும்போது நூலையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறேன்.